கடன் அவள் பெயரில். காணி எவர் பெயரில்?

பெண்ணின் பொருளாதார விடுதலையைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி எமது நாட்டில் இல்லை. அதற்கெனத் திட்டம் வகுக்காத அரசாங்கமும் இல்லை. ஆயினும் வன்னியின் விவசாயக் குடும்பமொன்றின் கடதாசிகளை விரித்துப் பார்ப்போமாயின், பேச்சுக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் விளங்கிவிடும். காணியின் அனுமதிப்பத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் ஆணின் பெயர். உழவு இயந்திரத்தின் பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் ஆணின் பெயர். நுண்கடன் புத்தகத்தில் இருப்பதோ பெண்ணின் பெயர். ஆதனம் அவனுக்கு, கடன் அவளுக்கு என்று பாகம் பிரித்தவர் எவர்? இக்கேள்விக்கு விடை காணாது பெண் விடுதலை பேசுவது மேடை அலங்காரமேயன்றி வேறில்லை.

கடன் வேறு, பொருளுடைமை வேறு. கடன் கிடைப்பதாலேயே ஒருத்தி சுதந்திரம் அடைந்துவிட மாட்டாள். தன் பெயரிலே மண்ணும், தன் கையிலே சேமிப்பும், தன் கணக்கைத் தானே எழுதும் துணிவும் உடையவளே சுதந்திரமுள்ளவள். இம் மூன்றையும் எம் பெண்களுக்கு மறுத்துவிட்டு, நான்காவதாகிய கடனை மட்டும் நாம் வாரி வழங்கியிருக்கின்றோம்.

வன்னிக்கு விரைந்து வந்தவை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியிலே, கண்டாவளைப் பிரதேசத்தில் அமைந்தது தர்மபுரம். இடம்பெயர்ந்து வந்த கிளிநொச்சி வைத்தியசாலையைத் தாங்கி, 2009ஆம் ஆண்டு தை மாதத்தில் எறிகணைகளுக்கு நடுவே நின்ற ஊர் அது. வன்னியின் ஏனைய ஊரவரைப் போலவே அவ்வூர் மக்களும் கிழக்கு நோக்கி ஓடினர். போர் முடிந்தபின் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். பின்னர் தத்தம் காணிகளுக்கு மீண்டனர். மீண்டபோது கூரை இல்லை, மாடு இல்லை, விதைநெல் இல்லை, பல வீடுகளில் குடும்பத் தலைவனும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்களின் தொகை ஏறக்குறைய 89,000 என 2010ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பிரதி அமைச்சர் ஒருவரே கூறினார்.

இவ்வாறு வெறுங்கையுடன் நின்ற மக்களை நாடி விரைந்து வந்தவை லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களுமாகும். ஆணுக்கு மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் லீசிங்கில் வந்தன. பெண்ணுக்குக் கிழமைக் கடன் வந்தது. உறுதி வேண்டாம், நகை வேண்டாம், அரசாங்க உத்தியோகத்தரின் பிணையும் வேண்டாம். அயலிலுள்ள சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருத்திக்காக மற்றவர்கள் கையொப்பமிட்டாற் போதும். வங்கியின் படியேற முடியாதிருந்த பெண்ணுக்கு இது வரமாகவே தோன்றியது. அவளைக் குறை கூறல் ஆகாது. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு வட்டிவீதத்தை ஆராய்வார் எவருமிலர்.

ஆயின் இக்கடனின் அமைப்பிலேயே நஞ்சு கலந்திருந்தது. உழவனின் வருமானம் கிழமைதோறும் வருவதன்று. காலபோக நெல் ஒரு தடவை. குளத்தில் நீர் இருப்பின் சிறுபோகம் இன்னொரு தடவை. இடையிலே கச்சானும் தோட்டப் பயிரும். தவணை அறவிடுபவரோ ஏழாம் நாள் காலையில் வாசலுக்கு வந்துவிடுவார். அறுவடைக்கு நான்கு மாதம் இருக்க, ஏழு நாளில் காசு எங்கிருந்து வரும்? முதற் கடனின் தவணையைக் கட்ட இரண்டாம் கடன். இரண்டாம் கடனைக் கட்ட மூன்றாம் கடன். 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியும், 2018 மார்கழியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளமும், 2020இன் நோய்த்தொற்றும், 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, அறுவடை தவறியது. தவணை மட்டும் தவறவேயில்லை.

வட்டியின் கணக்கையும் சற்றே பார்ப்போம். 50,000 ரூபாவை ஓராண்டுக்குக் கொடுத்து, 28 வீத வட்டி சேர்த்து, 64,000 ரூபாவை 52 கிழமைகளில் அறவிடுவதாக வைத்துக்கொள்வோம். கேட்போருக்கு அது 28 வீதமாகவே படும். ஆனால் கடன் பெற்றவளின் கையில் 50,000 ரூபா ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. கிழமைதோறும் அது குறைந்துகொண்டே வருகின்றது. சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய அரைப்பங்கே அவள் வசமுள்ளது. அந்த அரைப்பங்குக்கே அவள் 14,000 ரூபா வட்டி செலுத்துகின்றாள். எனவே உண்மை வட்டி 50 வீதத்தையும் தாண்டிவிடுகின்றது. இக்கணக்கை அவளுக்கு விளக்கிச் சொல்லிக் கையொப்பம் பெற்றோர் எத்தனை பேர்?

இது எமது கற்பனையன்று. 2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, சில நிறுவனங்களின் ஆண்டு வட்டி 220 வீதம்வரை செல்வதாகவும், அறவிட வருவோராற் பெண்கள் அவமதிக்கப்படுவதாகவும் எடுத்துரைத்தார். அதே ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைப் பெற்றுத் தவணை செலுத்த முடியாதிருந்த பெண்களுக்கு அரசாங்கம் கடன் நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீதம் என்ற உச்ச வரம்பையும் அறிவித்தது. நோய் தணிந்ததா? 2021ஆம் ஆண்டு பங்குனி 8ஆந் திகதி, மகளிர் தினத்தன்று, ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. கடன் தொல்லையால் 200க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்பது அவர்கள் நாட்டின் முன்வைத்த குற்றச்சாட்டு. சிங்கள விவசாயப் பெண்ணும் தமிழ் விவசாயப் பெண்ணும் ஒரே வலையில் அகப்பட்டிருந்தனர் என்பதை இங்கு குறிப்பிடாமலிருக்க முடியாது.

சட்டம் பூட்டிய கதவு

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். பெண் ஏன் கிழமைக் கடனையே நாடினாள்? வங்கியிற் குறைந்த வட்டிக்குக் கடன் பெற அவளிடம் ஈடு வைக்கத்தக்க ஆதனம் இல்லை என்பதே விடை. ஏன் இல்லை? சட்டமும் வழக்கமும் சேர்ந்து அக்கதவைப் பூட்டிவைத்தன.

வன்னிக் குடியேற்றங்களில் உள்ள காணிகளிற் பெரும்பகுதி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தாலும் அளிப்புப் பத்திரத்தாலும் வழங்கப்பட்டவை. குடும்பத் தலைவன் ஆணே என்ற எண்ணத்துடன் பத்திரங்கள் எழுதப்பட்டன. பின்னுரித்தாளரை நியமிக்காது ஒருவர் இறப்பின், சட்டத்தின் அட்டவணை மகளைத் தள்ளி மகனை முன்னிறுத்தியது. இந்த அநீதி 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினாலேயே நீக்கப்பட்டது. 87 ஆண்டுகள்! உலகின் முதற் பெண் பிரதமரை 1960இல் தெரிவுசெய்த நாட்டில், தந்தையின் காணிக்கு மகளும் மகனும் சமம் என்று சொல்ல அதன்பின்னும் 62 ஆண்டுகள் தேவைப்பட்டன. சட்டம் திருந்தியதனாற் பழைய பத்திரங்கள் தாமாகத் திருந்திவிடா. ஏற்கெனவே மகனுக்குப் போன காணி மகனிடமே இருக்கின்றது.

உறுதிக் காணியின் நிலை யாது? வடமாகாணத் தமிழரை ஆளும் தேசவழமை, 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்திற் கிளாஸ் ஐசாக்சினால் எழுத்தில் வடிக்கப்பட்டது. 1806இல் ஆங்கிலேயரால் உறுதிப்படுத்தப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனத்தை வகுத்து, தாயின் சீதனம் மகளின் சீதனமாகச் செல்லும் வழியைக் கண்ட வழமை அது. பெண்ணுக்கென ஆதனம் உண்டு என்பதை எம் முன்னோர் ஏற்றிருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயின் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுவதைப் பாருங்கள். மணமான பெண் தன் அசையும் ஆதனத்தைத் தன் விருப்பப்படி கையாளலாம். அசையா ஆதனத்தைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுதச் சம்மதம் வேண்டியதில்லை. அதாவது, தன் காணியைத் தான் இறந்தபின் எவருக்கும் கொடுக்க அவளுக்கு அதிகாரமுண்டு. உயிருடன் இருக்கும்போது இல்லை!

இதன் பலனை எமது வீடுகளிலே காண்கின்றோம். சட்டம் அவள் கையில் விட்டது நகையை, கட்டிப்போட்டது காணியை. எனவே நெருக்கடி வந்ததும் முதலில் அடைவு கடைக்குப் போவது அவளது தாலிக்கொடி. நகை தீர்ந்தபின் கிழமைக் கடன். காணி மட்டும் உறுதிப்பெட்டிக்குள் உறங்கும். அதே 6ஆம் பிரிவு அவளுக்கு ஒரு நன்மையும் செய்திருக்கின்றது. அவளது ஆதனத்தின் பராமரிப்புக்கும் பயிர்ச்செய்கைக்குமாகப் பட்ட கடனைத் தவிர, கணவனின் ஏனைய கடனுக்கு அவளது ஆதனம் பொறுப்பாகாது. ஆனால் கணவனின் லீசிங் பத்திரத்தில் அவள் பிணையாளியாகக் கையொப்பமிட்டால், அக்கடனுக்கு அவளே பொறுப்பேற்றவளாகின்றாள். சட்டம் தந்த கேடயத்தைத் தன் கையாலேயே கீழே வைத்துவிடுகின்றாள். தாய்மார் இதனை நெஞ்சில் பதித்துக்கொள்வார்களாக.

கணவன் காணாமற்போன பெண்ணின் கதி என்ன? சம்மதம் தர வேண்டியவன் எங்கே என்று அவளும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றாள். மாவட்ட நீதிமன்றில் மனுச் செய்து, கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றின் அதிகாரத்தைப் பெறச் சட்டம் வழிவகுத்திருப்பது உண்மையே. 2016ஆம் ஆண்டின் திருத்தத்தால், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. ஆயின் கச்சான் விற்றும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்ப்பவள், தன் சொந்தக் காணிக்காக நீதிமன்றப் படியேற வேண்டும் என்பது எந்த நியாயம்? வழக்குச் செலவுக்கும் அவள் கிழமைக் கடனா எடுப்பது?

நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்கள் 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டத்தினாலேயே இத்தளையினின்று விடுபட்டனர். அச்சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட தமிழரை விலக்கி வைத்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையிற் பால் வேற்றுமை கூடாதென்று முழங்கிவிட்டு, 16ஆம் உறுப்புரையிற் பழைய சட்டங்கள் யாவும் முரண்பட்டாலும் செல்லும் என்று கூறிவிட்டது. முன்வாசலால் வந்த உரிமை பின்வாசலாற் போயிற்று.

தேசவழமையைத் தொட்டால் தமிழரின் தனித்துவம் கெட்டுவிடும் என்று அஞ்சுவாருமுளர். அவர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: வழமை கல்வெட்டன்று. 1911இல் அது திருத்தப்பட்டது. 1947இல் 58ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் திருத்தப்பட்டது. இரு தடவையும் தமிழினம் அழிந்துவிடவில்லை. சீதனக் காணி பெண்ணுடையதே என்பது தேசவழமையின் உயிர். அக்காணியைக் கையாள அவளுக்கு உரிமையில்லை என்பது அவ்வுயிரை நெரிக்கும் கயிறு. கயிற்றை அறுப்பது உயிரைக் காப்பதாகும். எமது வழமையை நாமே திருத்துவோமாயின் அது சுயமரியாதை. பிறர் வந்து திருத்தும்வரை காத்திருப்போமாயின் அது வெட்கம். மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்பது ஒவ்வொரு வழக்கிலும் தனித்து ஆராயப்படும் விடயமாதலால், சட்டத்தைத் தெளிவாக்குவது அவர்களுக்கும் நன்மையே.

பணம் பேசாத வீடு

சட்டம் ஒருபுறமிருக்க, பழக்கமும் எம்மை வருத்துகின்றது. பணத்தைப் பற்றிப் பேசுவது பெண்ணுக்கு அழகன்று என்று வளர்த்துவிட்டோம். கொட்டப்பெட்டியிற் சில்லறை சேர்க்கலாம், பிடியரிசி எடுத்து வைக்கலாம், சீட்டுப் பிடிக்கலாம், நெல் விற்ற காசு எவ்வளவு என்று கேட்கலாகாது! விளைவு யாது? கணவன் பட்ட கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி எடுத்த கிழமைக் கடன் கணவனுக்குத் தெரியாது. அறவிடுபவர் வாசலில் நின்று சத்தமிடும்போதே இருவருக்கும் தெரியவருகின்றது. அதன்பின் எழுவது கணக்கன்று, கலகம்.

பணத்தைப் பாவமென்று ஒளிப்பதும் பிழை. தெய்வமென்று தொழுவதும் பிழை. அது மண்வெட்டியைப் போன்றதொரு கருவி. கருவி எங்கே இருக்கின்றது, எவர் கையிலிருக்கின்றது, மழுங்கியிருக்கின்றதா என்பதை வீட்டிலுள்ள இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். பத்துப் பெண்களின் சீட்டுக்காசை ஒரு சதம் பிசகாமல் நடத்துபவளுக்கு ஒரு குடும்பத்தின் கணக்கு எம்மாத்திரம்? முறிகண்டிப் பிள்ளையார் கோயில் முன்றிலிற் கச்சான் விற்கும் பெண்ணைப் பாருங்கள். கொள்விலை, வறுகூலி, கழிவு, இலாபம் யாவும் அவள் விரல்நுனியில் உள்ளன. அவளுக்குக் குறைவது அறிவன்று. வியாபாரக் காசையும் வீட்டுக் காசையும் வேறு வேறாக வைக்க ஒரு கொப்பியும், தன் பெயரில் ஒரு வங்கிப் புத்தகமுமே.

வட்டி ஊருக்குள் நிற்கட்டும்

கடனே வேண்டாம் என்றால் வயலை எப்படி விதைப்பது என்று விவசாயப் பெருமக்கள் வினவலாம். நியாயமான வினா. கடன் தீதன்று; எவருடைய பணம், எவர் வகுத்த நிபந்தனை என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன. மணமான பெண்ணின் கையைக் கட்டிய அதே 1911ஆம் ஆண்டிலேயே, இந்நாட்டிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டமும் பிறந்தது. ஐக்கிய நாணய சங்கங்கள் என எம் மூத்தோர் அழைத்தவை அவையே. அங்கே அங்கத்தவரின் சேமிப்பே முதல்; அங்கத்தவரே பணிப்பாளர்; வட்டியும் ஊருக்குள்ளேயே தங்கும். தர்மபுரத்துப் பெண் செலுத்தும் வட்டி கொழும்பிலுள்ள பங்குதாரருக்குப் போகாது, தர்மபுரத்திலுள்ள இன்னொரு பெண்ணின் விதைநெல்லாக வேண்டும்.

பிற நாட்டார் இதனைச் செய்து காட்டியுள்ளனர். 1974ஆம் ஆண்டில் அகமதாபாத்தில், சுமை தூக்கியும் மரக்கறி விற்றும் பிழைத்த 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபா இட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். சேவா வங்கி எனும் அந்நிறுவனத்துக்கு வழிகாட்டியவர் இலா பட் அம்மையார். அவரும் சட்டம் பயின்றவரே. தமிழ்நாட்டில், எமது தர்மபுரத்தின் பெயரை ஒத்த தர்மபுரி மாவட்டத்திலேயே 1989ஆம் ஆண்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அடிப்படை முதலிற் சேமிப்பு, பின்னரே கடன் என்பதாகும். இம்முறையைத் தலைகீழாக்கி, சேமிப்பின்றிக் கடனை மட்டும் திணித்தபோது என்ன நிகழும் என்பதையும் இந்தியாவே காட்டியது. ஆந்திரப் பிரதேசத்தில் தற்கொலைகள் பெருகி, 2010ஆம் ஆண்டில் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

செய்யத்தக்கவை

முதலாவது, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவிலுள்ள கணவனின் எழுத்துமூலச் சம்மதம் என்ற நிபந்தனை நீக்கப்படல் வேண்டும். இதனைப் பாராளுமன்றத்தில் முன்மொழிய வேண்டியவர்கள் எமது வாக்குகளாற் சென்ற தமிழ்ப் பிரதிநிதிகளே. பெண்களின் வாக்கு 1931 முதல் இந்நாட்டில் எண்ணப்படுகின்றது. அவ்வாக்கைக் கேட்டு வருவோரிடம் இக்கேள்வியைக் கேட்பது தாய்மாரின் கடமை.

இரண்டாவது, அரச காணிகள் இனி வழங்கப்படும்போது கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படல் வேண்டும். ஏற்கெனவே பத்திரம் உள்ளவர்கள் பின்னுரித்தாளராக மகளையும் எண்ணிப் பார்ப்பார்களாக. பிரதேச செயலகத்திற் பதிவு செய்ய ஒரு நாட் பொழுது போதும். செய்யாதுவிட்டால் ஒரு தலைமுறை வழக்காடும்.

மூன்றாவது, கடன் கொடுப்போர் யாவரும் ஆண்டுக்குரிய உண்மை வட்டியைத் தமிழில் எழுதி, ஒப்பந்தத்தின் பிரதியைக் கையளித்தல் வேண்டும். பயிர்க் கடனின் தவணை அறுவடையை ஒட்டியே அமைதல் வேண்டும். கடன் செலுத்தத் தவறுவது குடியியல் விடயமேயன்றிக் குற்றமன்று என்பதையும், பிணைப்பொருளில்லாக் கடனுக்கு நீதிமன்றத் தீர்ப்பின்றி வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதையும் ஒவ்வொரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் தன் அறிவித்தற் பலகையில் எழுதி வைக்கட்டும்.

நான்காவது, உத்தியோகமும் தொழிலும் பார்க்கும் எமது கற்ற சமூகத்துக்கு. கணக்காளர் மாதத்தில் ஒரு நாள் சங்கத்தின் பேரேட்டைப் பார்த்துக் கொடுக்கலாம். ஆசிரியை வட்டிக் கணக்கைப் படிப்பிக்கலாம். சட்டத்தரணி கையொப்பத்துக்கு முன்னர் பத்திரத்தை வாசித்துச் சொல்லலாம். கையொப்பத்துக்குப் பின்னர் வாசித்துப் பயனென்ன?

ஐந்தாவது, உழவர் பெருமக்களுக்கு. நாற்றுநடுகையிலும் களையெடுப்பிலும் அறுவடையிலும் மனைவி உங்களோடு வயலில் நிற்கின்றாள். கூலிக்கு வரும் பெண்ணுக்கோ ஆணைவிடக் குறைந்த சம்பளம் கொடுப்பது வழக்கமாயிற்று. இரண்டும் மாறல் வேண்டும். வரும் காலபோகத்தில் ஒரே ஒரு காரியத்தைத் தொடங்குங்கள். விதைநெல், உழவு, பசளை, கூலி, விற்ற மூடை, கிடைத்த காசு, இருக்கும் கடன் யாவற்றையும் ஒரு கொப்பியில் இருவரும் சேர்ந்தே எழுதுங்கள். வரும் காசில் ஒரு பங்கு அவள் பெயரிலுள்ள சங்கக் கணக்குக்குப் போகட்டும். சட்டம் திருந்தச் சில ஆண்டுகள் செல்லலாம். இதற்கு எவருடைய எழுத்துமூலச் சம்மதமும் தேவையில்லை.